தையலே போடு

"ஒட்டறது கிட்டறது எல்லாம் வேணாம் நர்சம்மா. தையலே போடு."

விருத்தாம்பாள் மறுபடியும் இதையே சொன்னபோது நர்ஸ் ஜெயசீலிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

வில்லியனூர்ப் பக்கம், பங்குக் கோயிலை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. பெஞ்சில் விருத்தாம்பாளின் மருமகள் ஆண்டாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கரும்புச் சோகை உரிக்கும்போது கத்தி கெண்டைக்காலில் இழுத்துவிட்டது. காயம் நீளம்தான், ஆனால் ஆழமில்லை. ரத்தமும் நின்றுவிட்டது.

"இத பாரும்மா," ஜெயசீலி ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். "பிரான்சுலேருந்து நம்ம கோயில் சாமியாருக்கு வந்த மருந்துப் பெட்டியில இருந்தது. தோலை ஒட்டற பசை. காயத்தைச் சேத்துப் புடிச்சு மேல தடவுனா போதும். குத்த வேணாம், பிரிக்க வேணாம். தானா உதிந்துடும்."

"செருப்பு ஒட்டற மாதிரியா?"

"தையல் மட்டும் இன்னா, சாக்கு தைக்கிற மாதிரிதானே?"

"இருக்கட்டும். தையலே போடு."

"மரத்துப்போற ஊசி தீந்துபோச்சு. வெறுமனேதான் குத்தணும். துடிச்சுப் போயிடுவா, பரவால்லியா?"

ஆண்டாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தே, ஒட்டிக்கலாமே."

"நீ சும்மா கெடடி."

காத்திருந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "மருமவ துடிக்கறத பாக்க இன்னா ஆசை பாரு," என்றாள் காசம்மாள், விருத்தாம்பாள் காதில் விழும்படியே. விருத்தாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, உன் வயித்துல பொறந்த பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவியா?" என்றாள் ஜெயசீலி.

"அவளா இருந்தாலும் தையல்தான்."

தையல் வேண்டாமென்று ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடித்துத் தைத்தவள் ஜெயசீலி. தையல்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிற ஜென்மத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். இரண்டு பேரையும் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"இப்ப சொல்லு. இந்தப் பொண்ணு மேல உனக்கு இன்னா கோவம்?"

விருத்தாம்பாள் திரையை விலக்கி வாசலைப் பார்த்தாள். அங்கே மகன் பலராமன் சைக்கிளோடு நின்றிருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு எங்க நடவு. ஆள் பத்தல. ஒட்டுனதோட சரின்னு தெரிஞ்சா, சின்னக் காயம்தானேன்னு இவளையும் சேத்துல எறக்கிடுவான். நான் சொன்னா கேக்க மாட்டான். தையல்னா அவனுக்கே பயம். பிரிக்கிற வரைக்கும் தையல் போட்ட ஆள எங்க ஊர்ல எவனும் கழனிக்குக் கூப்புட மாட்டான்."

"தண்ணி படக்கூடாதுன்னு நான் சொல்றேனேம்மா."

"எனக்கும்தான் சொன்னாங்க." புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். கணுக்காலுக்கு மேல் சதை குழிந்து கறுத்துக் கிடந்தது. "பிளாஸ்திரி ஒட்டி அனுப்புனாங்க. மறுநாளே என் மாமியா நாத்துக் கட்டைக் கையில குடுத்து சேத்துல எறக்கிட்டா. சீழ் புடிச்சு, காலையே எடுக்கணும்னாங்க."

ஜெயசீலி குப்பியைத் திறந்தாள். காயத்தைச் சேர்த்துப் பிடித்துப் பசையைத் தடவ ஆரம்பித்தாள். விருத்தாம்பாள் பதறிப்போனாள்.

"இன்னா நர்சம்மா, இவ்ளோ சொல்லியும்..."

"கொஞ்சம் சும்மா இரும்மா."

பசை காய்ந்ததும் பஞ்சை வைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். ஆண்டாளைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

பலராமன் கட்டைப் பார்த்தான். "இன்னா சிஸ்டர், ஒட்டியாச்சா? நாளைக்கு நடவுல நிக்கலாம்ல?"

"ஒட்டறதாவது? பெரிய தையல்பா. நான் பிரிக்கிறதுக்குள்ள இந்தக் காலு சேத்துல பட்டுச்சுன்னா, அப்புறம் என்கிட்ட வராதே."