இடது பக்கப் பட்டை

"நான் அழுத்துறேன், நீங்க கீழ பாருங்க" என்றார் சர்வேயர், ஜீப்பின் காலியான இடது இருக்கை மேல் இரு உள்ளங்கைகளையும் ஊன்றியபடி. "இந்தப் பக்கம் இறங்குதா?"

வண்டிகளுக்கு வில்பட்டை கட்டும் பட்டறை நடத்தும் பட்டைக்காரர், சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே டேப்பைப் பிடித்தார். எழுந்து போய் வலப்பக்கமும் அளந்தார். நூல் பிசகாமல் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"நிக்கும்போது தெரியாதுங்க. நான் தனியா ஓட்டும்போது மட்டும்தான்" என்றார் சர்வேயர். பல்வலியை வைத்தியரிடம் சொல்பவரைப் போல அவர் அதை நிதானமாகச் சொன்னதுதான் பட்டைக்காரரின் முதுகைச் சில்லிட வைத்தது.

ஓய்வு பெறும்வரை நிலம் அளந்தவர் அவர். மலையென்றும் காடென்றும் பாராமல் அந்தப் பழைய ஜீப்பில் சுற்றிய காலமெல்லாம், பக்கத்து இருக்கையில் மனைவியும் கூடவே இருந்திருக்கிறார். அந்த அம்மாள் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகும் வண்டி ஓடும்போது இடப்பக்கம் தாழ்கிறதாம். ஒரு பட்டறை விடாமல் ஏறி இறங்கி, பட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாராம்.

"அவ போன புதுசுல கண்ணாலயே தெரியும், அந்த அளவுக்குச் சாயும்" என்றவர், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்த சிறிய ரசமட்டத்தைக் காட்டினார். "இப்ப இந்தக் குமிழியைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். இங்கயும் சரியா வரலைன்னா வண்டியைக் கொடுத்துடுறதா இருக்கேன்."

வண்டியைக் கொடுத்துவிட்டால் இந்த மனிதர் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்று பட்டைக்காரருக்குத் தோன்றியது. எப்பாடுபட்டாவது சரிசெய்து அனுப்பிவிட வேண்டும் என்று அந்த நிமிடமே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார். அதுவரை இடது சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்த, பட்டறையில் உதவிக்கு இருக்கும் அவருடைய மைத்துனரோ, ஸ்பேனர் தேடுவதுபோல் மெல்ல வலப்பக்கம் நகர்ந்துவிட்டார்.

ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பழைய பட்டைக் கட்டைக் கழற்றியதும் பட்டைக்காரர் திகைத்துப் போனார். அடுக்கடுக்காக இருக்க வேண்டிய பட்டைகளில் பாதிக்கு மேல் காணோம். மிச்சம் இருந்தவையும் மெல்லிசு.

"பேய் இரும்பும் தின்னுமா அத்தான்?" என்று மைத்துனர் காதோடு கேட்டார்.

"பேய் இல்ல மாப்ள, போன பட்டறைக்காரன் தின்னிருக்கான்."

பட்டைகளை யார் உருவியது என்று சர்வேயரிடம் விசாரித்துப் பார்த்தார். அவரோ காதில் விழாதவர்போல, வெளியே தெருவில் போன வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டைக்காரர் மூன்று ஜோடிக் கட்டுகளைத் தரையில் பரப்பினார். ஒன்று பாரம் தாங்கும் முரட்டுக் கட்டு, ஒன்று நடுத்தரம், மற்றது மேட்டுப் பாதைக்குச் சற்றும் ஆகாத மெல்லிய கட்டு. சர்வேயர் ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பார்த்தார். முரட்டுக் கட்டு இம்மியும் அசையாததைக் கண்டு முகம் சுளித்தார். மெல்லியது வளைந்து கொடுத்தபோதுதான் அந்த முகம் சற்றே தெளிந்தது. இதைவிட மெத்தென்று கிடைக்குமா என்றும் கேட்டார்.

பட்டைக்காரருக்குப் பரிதாபமாக இருந்தது. வண்டி தாழ்கிறதே என்று பயந்து வந்தவர், தாழ்கிற பட்டையையே தேடிப் பிடிக்கிறாரே! இரும்பின் குணம் தெரியாத மனிதர். வளைவில் வண்டி சாய்ந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். சர்வேயர் மசிவதாக இல்லை.

"முரட்டுக் கட்டைப் போட்டு ஒரே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க சார். பிடிக்கலைன்னா நானே கழட்டித் தரேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, அரைமனதுச் சம்மதம் ஒன்றை வாங்கினார்.

ஜாக்கியை இறக்கிவிட்டு, வண்டிக்கடியில் படுத்துக் கடைசி போல்ட்டை முறுக்கும்போது, தலைக்கு மேலே இடப்பக்கப் பட்டை மெதுவாக முனகியது. இருக்கையில் ஓர் ஆள் அசைந்து உட்கார்ந்தால் எழுமே, அப்படி ஒரு முனகல். பட்டைக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். சர்வேயர் வாசலில் நின்றிருந்தார். மைத்துனர் தண்ணீர்க் குழாயடியில் இருந்தார். வண்டிக்குள் எவரும் இல்லை.

பட்டைக்காரர் மறுபடி வண்டிக்கடியில் நகர்ந்தார். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று சேர்த்து இறுக்கினார்.

சர்வேயர் தனியாக ஏறித் தெருக்கோடிவரை ஓட்டிச் சென்று திரும்பினார். நடுத்தெருவில் நின்று பட்டைக்காரர் கண் கொட்டாமல் கவனித்தார். வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயாமல், பொட்டலம் கட்டியதுபோல் கச்சிதமாக வந்தது. பக்கத்தில் ஊர்ந்து வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தார்; ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை.

"இனிமே எதுவும் உங்க வண்டியை அசைக்காது சார். நிம்மதியா ஓட்டுங்க" என்றார் பட்டைக்காரர்.

சர்வேயர் இறங்கவில்லை, எஞ்சினை அணைக்கவும் இல்லை. அவர் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்து, பாவம், பயம் தெளிந்த நிம்மதி என்று பட்டைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"கழட்டிட்டு அந்த மெல்லிசையே போடுங்க தம்பி" என்றார் சர்வேயர். "வருஷா வருஷம் அவ எடை குறைஞ்சுக்கிட்டே வருது."