கீழ் வீட்டு வண்டியின் பிரேக்

மாடி வராந்தாவில் நின்றபடி கவின் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். காதில் ஹெட்செட். மேனேஜர் பேசியதில் ஒரு சொல்லும் உள்ளே இறங்கவில்லை. அவன் கண் கீழே வாசலில் இருந்தது.

கீழ் வீட்டு மயிலாத்தாள் தன் புருசனுடைய பைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பேனர். தெருவை ஒருமுறை பார்த்தாள். பின்சக்கரத்து பிரேக் நட்டைக் கழற்றினாள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் நடக்காதவள்போல வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.

புருசன் மருதாசலம் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். சாகப்போகிறவர் பாட்டு மாதிரியே இல்லை.

பீளமேட்டில் அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருதாசலம் பரம சாது. கவினைப் பார்க்கும்போதெல்லாம், "சாப்டீங்களா கண்ணு?" என்பார். அப்படிப்பட்டவரை மயிலாத்தாள் தினம் ஒரு தடவையாவது வறுத்தெடுப்பாள். அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று கவினும் விட்டுவிட்டான். ஆனால் ஸ்பேனர் எல்லா வீட்டிலும் இல்லையே!

அன்று சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே நின்று அவள் போனில் பேசியது தெளிவாகவே கேட்டது.

"நாளைக்குக் காலையில குன்னூர் போறாருங்க. ஆமாங்க, வண்டியிலதான். மலை எறங்கறப்ப எல்லாம் முடிஞ்சிருமுங்க. அப்பறம் நமக்கு நிம்மதிதான்."

என்ன செய்வது என்று கவின் யோசித்தான். போலீசுக்குப் போகலாம். போனால், "அடுத்தவன் பொண்டாட்டியை மாடியிலிருந்து எதற்கடா எட்டிப்பார்த்தாய்?" என்றுதான் முதல் கேள்வி வரும். மருதாசலத்திடமே சொல்லலாம். ஜாடையாகச் சொல்லியும் பார்த்தான்.

"அண்ணா, ஊட்டுல அக்காகூட ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"அவளா? தங்கமுங்க! வாய்தான் சித்தெ நீளம்," என்று சிரித்தார் மனுசன்.

இரவு முழுக்கப் புரண்டு படுத்ததில் கவினுக்கு ஒரு யோசனை வந்தது. விடிந்ததும் கீழே ஓடினான். மருதாசலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பிரேக்குல ஒரு மாதிரி சத்தம் வருதுங்ணா. இதுல மலை ஏற வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரு, நானே கொண்டுபோய்க் காட்டறேன். நீங்க என் வண்டியில போயிட்டு வாங்க."

"அய்யோ, வேண்டாங்க கண்ணு! புத்தம் புது வண்டி. நீங்களே அதைத் துண்டால தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருக்கீங்க."

"வண்டியா பெருசு? உசுருங்ணா!"

சாவியை அவர் கையில் திணித்தான். ஓரக்கண்ணால் மயிலாத்தாளைப் பார்த்தான். அவள் முகம் வெளிறியது. போட்ட திட்டம் பாழானால் எந்தக் கொலைகாரிக்கும் அப்படித்தானே இருக்கும்?

மருதாசலம் தயங்கினார். "செக்போஸ்டுல கேட்டா வண்டிக்கு ஆர்.சி. வேணுமுங்களே..."

கவின் மாடிக்குப் பாய்ந்து அதையும் எடுத்து வந்து கொடுத்தான்.

"அப்படின்னா நானும் வாரனுங்க," என்று மயிலாத்தாள் ஒரு பெரிய பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். கவினுக்கு இன்னும் நிம்மதி. தானும் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அவள் என்ன செய்துவிட முடியும்? ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு தெருமுனை வரைக்கும் கையசைத்தான்.

பிறகு மருதாசலத்தின் வண்டியை எடுத்தான். பிரேக்கை நம்ப பயம். முதல் கியரை விட்டு ஏறாமல், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வாத்து மாதிரி போனான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவனை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

முகமது ரியாஸ் அவன் பல வருசமாக நம்பும் மெக்கானிக். தன் வண்டியை ரியாஸைத் தவிர வேறு யாரையும் தொடவிடமாட்டான்.

"ஏனுங்ணா, இந்த பிரேக்கை யாரோ வேணும்னே கழட்டிவிட்டிருக்காங்க. நல்லாப் பாருங்க."

ரியாஸ் பார்த்தார். மிதித்தார். ஓட்டிப் பார்த்துவிட்டும் வந்தார்.

"பிரேக் கும்முனு புடிக்குதுங்க. நட்டெல்லாம் புதுசு. யாரோ தொழில் தெரிஞ்சவங்க மாட்டியிருக்காங்க."

கவின் குனிந்து அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தான். ரியாஸ் அதற்குள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, ஃபுட்ரெஸ்டைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது ஏதுங்க உங்களுக்கு? இந்த வெல்டிங் நான் வெச்சது. நம்பர் பிளேட்டை மாத்தியிருக்காங்க. ஆனா வண்டி பெரியநாயக்கன்பாளையம் லட்சுமணசாமி வாத்தியாரோடதுங்க. போன மாசம் பறிகுடுத்துப்போட்டு அழுதுட்டுக் கெடக்கறாரு."

கவின் மருதாசலத்துக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டான். அதே பதில்.

"வாத்தியார் வண்டியைத் திருடிட்டாங்களாங்ணா?" என்றான்.

"திருட்டு எங்கீங்க, அந்தப் பாவப்பட்ட வாத்தியார் தானே சாவியைக் குடுத்திருக்காரு, எதிர் ஊட்டு அம்மணி புருசன் வண்டியில பிரேக்கைக் கழட்டறதைப் பாத்துப்போட்டு, அவன் உசுரைக் காப்பாத்தறதுக்கு!"