ரெண்டு சொட்டு

‘கையில் கிண்ணம் இருக்கிறது. அப்படியென்றால் கேட்கத்தான் வருகிறாள்.’

எழில்மொழி நினைத்து முடிப்பதற்குள் ஓரகத்தி ஞானாம்பாள் உள்ளே வந்துவிட்டாள். இடுப்பில் நாலு வயதுப் பரிதி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

“மறுபடியுமாக்கா?”

“மறுபடியுந்தான். ஆத்துல தண்ணி தொறந்தாலும் தொறந்தாங்க, இவன வாய்க்கால்லேருந்து தூக்க முடியல. தண்ணியில ஆடுனா சளி. சளி வந்தா காது. பாரு, சீழு வடியுது.”

பரிதி, “சின்னம்மா” என்று கையை நீட்டினான். எழில்மொழி தூளிக் கயிற்றை விட்டுவிட்டு அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். உடம்பு சுட்டது.

“தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போயிடலாமேக்கா. போன தடவ அந்த டாக்டரம்மா மருந்துலதானே நின்னுச்சு?”

“யாரு கூட்டிட்டுப் போறது? அண்ணனும் தம்பியும் கொள்முதல் நிலையத்துல நெல்லுக் குவியலக் கட்டிக்கிட்டுக் கெடக்குறாங்க. வானம் வேற இப்பவா அப்பவான்னு நிக்குது. அதோட, அந்தம்மா மொகத்துல யாரு முழிப்பா? புள்ளைக்கு வைத்தியம் பாருன்னா என்னைய விசாரண பண்ணுது. தாய்ப்பால் குடுத்தீங்களா, படுக்க வச்சே பாட்டில்ல குடுத்தீங்களான்னு. அப்புடிக் குடுத்தா காதுல சீழ் கட்டுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பால் ஊறலன்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

எழில்மொழி பரிதியின் முடியைக் கோதிவிட்டாள்.

ஞானாம்பாள் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். “தாய்ப்பால் ரெண்டு சொட்டு சூடு ஆறாம காதுல விட்டா வலி அப்புடியே அமந்துடும்னு எல்லாருந்தான் சொல்றாங்க. ஒனக்குத்தான் பொங்குதே. கொஞ்சம் பீய்ச்சிக் குடு.”

பொங்கத்தான் செய்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பரிதி அழ ஆரம்பித்தபோதே எழில்மொழிக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அவளுடைய கைக்குழந்தையோ தூளியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளை அழுதாலும் பால் கொடுக்கிறவளுக்குச் சுரக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“காதுல எதுவும் விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னதா நீங்கதானே வந்து சொன்னீங்க? சவ்வுல ஓட்ட இருக்குன்னு...”

“எண்ணெய விடாதன்னு சொன்னா. பாலும் எண்ணெயும் ஒண்ணா?”

“ஈரமே ஆகாதாம்க்கா. அப்புறம் காது மந்தமாயிடும்.”

“பெரிய டாக்டரு இவ. ஏன்டி, ரெண்டு சொட்டு குடுத்தா ஒம்மவளுக்கு வயிறு ஒட்டிப்போயிடுமா?”

“அதுக்கில்லக்கா.”

“பின்ன எதுக்கு? எம்புள்ளன்னா ஒனக்கு எளக்காரம். அத வாயத் தொறந்து சொல்லிடு.”

எழில்மொழி நிமிர்ந்து பார்த்தாள். ஞானாம்பாளின் கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. புடவையில் தோள் பக்கமெல்லாம் சீழ் காய்ந்த கறை.

“ராத்திரி பூரா தோள்ல போட்டு நடந்தேன் எழிலு. இப்பல்லாம் கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறான். வெளையாட்டுன்னு நெனச்சு ஒரு நாளு அடிகூட அடிச்சுப்புட்டேன். கேக்கலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. செவிடாயிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு இவன விட்டா யாரு இருக்கா?”

பொய்யில்லை அது. இவளைவிடப் பாசமாக அவனை யாரும் வளர்க்க முடியாது என்பது எழில்மொழிக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நினைப்பு ஆறுதலாக இல்லாமல் முள்ளாகத்தான் உறுத்தியது. குடுத்துவிடேன் என்றது உடம்பு. மடியில் பரிதி வலிக்கிற காதை அவள் மார்பில் அழுத்திக்கொண்டு, விசும்பி விசும்பி, அப்படியே தூங்கிப்போனான். அந்தச் சூடு அவனுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும்.

அவள் செல்போனை எடுத்து, தெருக்கோடி முபாரக்கின் ஆட்டோவை வரச்சொன்னாள்.

“கெளம்புங்கக்கா. மழைக்கு முன்னாடி போயிடலாம். பாப்பாவத் தூக்கிக்கிட்டு நானும் வர்றேன். டாக்டரம்மா எதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

“நீ என்னத்தச் சொல்லுவ?” ஞானாம்பாளின் குரல் சட்டென்று மாறியது. “நீ ஒண்ணும் வர வேணாம். சொல்லவும் வேணாம். நானே போயிக்கிறேன். போற வரைக்கும் புள்ள வலி தாங்கணும்ல? அதுக்குத்தான் கேக்குறேன். குடுப்பியா, மாட்டியா?”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழில்மொழி எழுந்து, பரிதியை அவன் விழித்துக்கொள்ளாதபடி ஞானாம்பாளின் தோளில் சாய்த்தாள். கிண்ணத்தைத் தொடவில்லை.

“இவனப் பெத்து ஒங்க மடியில போட்ட அன்னைக்கு, ஒரே ஒரு தடவ பால் குடுத்துக்கிறேன்னு எவ்வளவு கெஞ்சினேன், குடுத்தா ஒட்டிக்குவான்னு தடுத்தீங்க,” என்றாள் மெதுவாக. “வாய்க்கு வேணாம்னு சொன்ன பாலு காதுக்கும் வேணாம்க்கா.”