அவுட்டா, அவேயா?

ஆத்தூரிலிருந்து வந்த காளியண்ணன், காரிலிருந்து ரோஜா மாலையை இறக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். “எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா!” என்று மாரில் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

போன மாமா அப்புசாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாப்பா காளியண்ணா. மாலைய அப்பிடி ஓரமா வெய்யி” என்றார். ஓரத்தில் ஏற்கெனவே மாலைகள் குவிந்து கிடந்தன.

நடந்தது இதுதான். காலையில் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போன அப்புசாமி அங்கேயே மயங்கி விழுந்தார். மனைவி சௌந்திரமும், தம்பி மகன் மோகன்குமாரும் அவரைத் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து, மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபடியே மோகன்குமார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் போட்டான். அந்தக் குரூப்பில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அப்புசாமியின் மகன் சபரிநாதன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போட்ட சட்டம் அது. அவன் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. ‘பெரியப்பா பாஸ்டு அவே’ என்று எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது செய்தி.

மோகன்குமார் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்காத நாளே அவன் கடையில் கிடையாது. “கைப்பழக்கத்துல அடிச்சுப்புட்டான் போல” என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சபரிநாதன் வந்து இறங்கியபோது கூடம் நிறைந்திருந்தது. வழியிலேயே போனில் சொல்லி அவன் வரவழைத்த ஃப்ரீசர் பெட்டி, வாசலில் டெம்போவில் காத்திருந்தது. தட்டில் கை கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து ஒரு கணம் வாயைப் பிளந்தவன், அடுத்த கணமே மோகன்குமார் பக்கம் திரும்பினான்.

“ஏன்டா, பாஸ்டு அவுட்டுக்கும் பாஸ்டு அவேக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? எப்பேர்ப்பட்ட மீட்டிங்க உட்டுட்டு ஓடி வாரேன் தெரியுமா?”

மோகன்குமார் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்புசாமியின் மருமகன் ஜீவானந்தம் கோயமுத்தூரில் இங்கிலீஷ் பேராசிரியர். இழவு வீட்டுக்கு என்று கிளம்பி வந்ததால் அதுவரை அடக்கி வைத்திருந்த அறிவை அவர் இப்போது அவிழ்த்துவிட்டார்.

“பாஸ்ங்கறது என்னமோ ஒண்ணுதானுங்க மச்சான். பின்னால ஒரு குட்டி வார்த்தை ஒட்டுது பாருங்க, சூட்சுமமெல்லாம் அதுலதான். ‘அவுட்’ ஒட்டுனா மயக்கம். ‘அவே’ ஒட்டுனா மரணம். ‘பை’ ஒட்டுனா பக்கத்துல கடந்து போறது.”

காளியண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏனுங்க மாப்பிள்ளை, எம் பையன் இன்ஜினியரிங் முடிச்சப்ப பாஸ்டு அவுட்டுன்னு சொன்னானுங்களே?”

“அது நம்மூரு வழக்கமுங்க.”

“அப்ப நாலு வருசமும் மயக்கத்துலதான் படிச்சிருக்கான்” என்றார் யாரோ. கூடமே சிரித்தது. மாரில் அடித்துக்கொண்டு வந்த காளியண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அதன்பிறகு ஆளாளுக்குப் புலமை பொங்கியது. ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது, ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோவது என்றது ஒரு குரல். ‘டேக் ஆஃப்’ என்றால் விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவதும் அதேதான் என்றது இன்னொன்று. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

“கொஞ்சம் தண்ணி” என்றார் அப்புசாமி.

‘புட் அப்’புக்கும் ‘புட் அப் வித்’துக்கும் நடுவே அது யார் காதிலும் விழவில்லை. சௌந்திரம்தான் சொம்போடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சபரிநாதனுக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்காரன் வேறு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

“ஒரு வார்த்தை ஒழுங்கா எழுதத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா குரூப்பு?” என்று மோகன்குமாரைப் பார்த்துக் கத்தினான். “பெத்த அப்பனுக்கு என்னையப் பெட்டி கொண்டுவர வெச்சுட்டியே! இனிமேல் நீ அதுல இருக்க வேண்டாம். இப்பவே தூக்கறேன்” என்று போனை எடுத்தான்.

காபித் தட்டோடு வந்த சௌந்திரம் அதை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அவன எதுக்கு சாமி திட்டற? அவன் அவுட்டுன்னுதான் எழுதுனான். எதப் போட்டா எல்லாரும் வருவாங்கன்னு அவங்கிட்டக் கேட்டு, நாந்தான் மாத்தச் சொன்னேன்.”



“நீயாம்மா?” என்றான் சபரிநாதன். “உசுரோட இருக்கற மனுசனையா?”

“போன மாசமும் இப்பிடித்தான் உழுந்தாரு. நெத்தியில தையல் போட்டுக் கூட்டியாந்தோம். அன்னைக்கு அவுட்டுன்னு சரியாத்தான் போட்டுட்டான். நீ கட்டவெரல் பொம்மை போட்ட. மாப்பிள்ளை பூங்கொத்துப் போட்டாரு.”

அவள் ஒரு டம்ளரை எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

“யாரு சாமி வந்தீங்க?”