யூதாஸ் மகள்

ஜோஸ்பின் உள்ளே வருவதைப் பார்த்ததும் கிளெமென்ட் எழுந்துபோய்ப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அவள் கையில் ஒன்றுமில்லை, வெறும் மணிபர்ஸ்தான். இருந்தாலும் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பங்குக் கோவிலின் பழைய மண்டபத்தை இடிக்கப்போகிறார்கள். பெஞ்சு, பீரோ, கரகரத்த மைக்செட் எல்லாம் காலையிலிருந்து ஏலம் போய், மிச்சமிருந்தது சுவரை அடைத்துத் தொங்கிய இராவுணவுப் படம் ஒன்றுதான். நடுவில் ஆண்டவர், இரண்டு பக்கமுமாகப் பன்னிரண்டு சீடர்கள். சீடர்களின் முகமெல்லாம் அந்தக் காலத்துத் திண்டுக்கல்காரர்களின் முகம்.

படம் வரையப் பணம் கொடுத்தவர் கிளெமென்ட்டின் தாத்தா, பூட்டுக் கடைக்காரர். அதனால் தலைமைச் சீடரான இராயப்பர் அவர்தான். மோட்சத்துச் சாவி என்ற பெயரில் அவர் கடைச் சாவியே படத்தில் ஜம்மென்று கையில் இருக்கும். மற்ற சீடர்களாக நிற்கச் சொந்தத்துக்குள்ளேயே அடிதடி நடந்தது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக உட்கார மட்டும் ஒரு ஈ காக்காய் வரவில்லை. கடைசியில் தாத்தா தன் கடையில் மூட்டை தூக்கிய ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதலாளி சொன்னால் உட்கார வேண்டியதுதானே, உட்கார்ந்தான்.

படம் மாட்டிய வருஷமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவன் மனைவியின் வயிற்றில் இருந்தவள்தான் ஜோஸ்பின்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யூதாஸ் மகள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் மழை விட்ட நேரத்தில் கைநிறையச் சேற்றை அள்ளிவந்து படத்தின்மேல் எறிந்தாள். குறி தவறி அது இராயப்பரின் தாடியில் போய் அப்பிக்கொண்டது. இந்தப் பிள்ளை என்றைக்காவது படத்தைக் கொளுத்தாமல் விடாது என்று அன்றைக்கே ஊர் பேசியது. இன்றைக்கு அவள் வெங்காய மண்டி முதலாளி. காசு கொடுத்து வாங்கிக் கொளுத்தவும் வசதி வந்துவிட்டது.

பங்குப் பேரவைச் செயலாளர் பெலிக்ஸ் பத்தாயிரத்தில் ஏலத்தைத் தொடங்கினார். கிளெமென்ட் இருபது என்றார். பின்வரிசையிலிருந்து ஜோஸ்பின் முப்பது என்றாள். அவர் நாற்பது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஐம்பது வந்து விழுந்தது. கேட்கும்போது அவள் அவரையும் பார்க்கவில்லை, பெலிக்ஸையும் பார்க்கவில்லை. வைத்த கண் வாங்காமல் யூதாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா ஒரு தீக்குச்சிக்குச் சாம்பலாகப் போவதை நினைத்துப் பார்க்கவே கிளெமென்ட்டால் முடியவில்லை. சமாதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்று அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஒனக்கு என்ன வலின்னு எனக்குத் தெரியும்த்தா. படத்த எனக்கு விட்டுக்குடு. நல்ல ஆளா வச்சு அந்த யூதாஸ் மூஞ்சிய அழிச்சிட்டு வேற மூஞ்சி வரைஞ்சிர்றேன். அம்புட்டுதான், பேச்சே முடிஞ்சுபோகும்."

இதைவிட நியாயமாக யார் பேச முடியும் என்று சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஃபாதர்கூட நல்ல யோசனைதான் என்றார். ஜோஸ்பின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஒங்க தாத்தா எங்கப்பாவ உக்காரச் சொன்னாரு, உக்காந்தாரு. இப்ப எந்திரிச்சுப் போன்னு சொல்ல நீங்க யாருண்ணே? அந்த மூஞ்சில ஒருத்தரும் கை வைக்கப்பிடாது."

தன் கையாலேயே கொளுத்தினால்தான் ஆத்திரம் அடங்குமாக்கும் என்று கிளெமென்ட் வெந்துபோனார். இத்தனை வருஷமாகவா ஒருத்தி வன்மம் வைத்திருப்பாள். வீம்புக்கு எழுபது என்றார். அவள் ஒரு லட்சம் என்றாள்.

பெலிக்ஸ் அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்பதை முடிந்தமட்டும் இழுத்தார். பூட்டு வியாபாரம் இருக்கிற இருப்பில் லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுக்குப் போக முடியாது என்று கிளெமென்ட்டுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் தரமும் விழுந்தது.

நான்கு பேர் படத்தை இறக்கி, வாசலில் நின்ற மண்டி வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தாத்தா சாவியும் கையுமாக மல்லாந்து கிடந்ததைப் பார்க்கக் கிளெமென்ட்டுக்குச் சகிக்கவில்லை. மானம் மரியாதையை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போனார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்த்தா. கொளுத்துறதுக்கு முன்னாடி எங்க தாத்தா தலைய மட்டும் வெட்டிக் குடுத்துரு. வீட்ல அவரு போட்டோ சுவரு பூராவும் மாட்டிக் கெடக்கு. ஆனா இதுல இருக்குற மிடுக்கு ஒண்ணுலயும் இல்ல."

ஜோஸ்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். படத்தை யார் கொளுத்தப்போவதாகச் சொன்னார்கள் என்று கேட்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஃபாதரைப் பார்த்தது.

அவள் வண்டியின் பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

"நான் எங்கப்பாவப் பாத்ததே இதுலதாண்ணே."