ஏழு வருஷ நிதி

டாக்டர் மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லோருக்கும் லட்டு. ஈரல் புற்றுநோய்க்கு மருந்து தேடும் அவருக்கு, சிறந்த ஆராய்ச்சியாளர் என்று சொல்லி அரசாங்கம் ஏழு வருஷத்துக்கு நிதி ஒதுக்கியிருந்தது.

காதில் நாற்பத்தொன்று என்று வில்லை மாட்டியிருந்த வெள்ளை எலிக்குக் கால் தரையில் பாவவில்லை. லட்டில் ஒரு துணுக்குகூடக் கூண்டுப் பக்கம் வரவில்லை. வாசம் வந்ததே போதும் என்றிருந்தது அதற்கு.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே! ஏழு வருஷத்துக்கு நமக்குத் தீனிக் கவலை இல்ல" என்று மேஜைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பிடம் கத்தியது.

"நமக்கா?" என்றது மைக்ராஸ்கோப். "போன தடவை நிதி வந்தப்போ உன் அம்மாவும் இப்படித்தான் குதிச்சா."

"அம்மாவைப் பெரிய கூடத்துக்கு மாத்திட்டாங்களாமே! அவளுக்கும் சொல்லியனுப்பணும்."

"எங்கேயும் மாத்தல. அவ ஈரலை மெல்லிசா சீவி, கண்ணாடித் தகட்டுல வெச்சு, எனக்குக் கீழேதான் நீட்டினாங்க. படம் அவ்வளவு தெளிவா வந்துச்சு. அந்தப் படத்துக்குத்தான் இந்த நிதி."

கூண்டுக் கதவு திறந்தது. உள்ளே நுழைந்த விரல்களில் லட்டு வாசம் இன்னும் போகவில்லை.