டாக்டர் கேட்ட சத்தம்

"வீடியோ கேம் நம்ம பிள்ளைகளைக் கொலைகாரங்களா மாத்துதா?" என்று நேரலையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார் டி.வி. நெறியாளர். மனநல டாக்டர் போனில் இருந்தார்.

"டாக்டர், இந்த கேமோட சத்தத்தை மட்டும் கேளுங்க!"

"டேய்! இன்னிக்கு உன்னை ஒரு வழி பண்றேன்!" என்று ஒரே அலறல். நடுவே நாற்காலி உடைகிற சத்தம் வேறு.

டாக்டர் பதறிவிட்டார். "ஐயையோ! இதைக் கேட்டா பெரியவங்களுக்கே மூளை கலங்கிடும். உடனே தடை பண்ணுங்க!"

நெறியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடைவேளை விட்டதும் ஒலிப்பதிவாளரிடம் துள்ளிக்கொண்டு ஓடினார்.

"அசத்திட்டேப்பா! எந்த கேம் அது?"

ஒலிப்பதிவாளர் நெளிந்தார். "கேம்ல சத்தமே பத்தலைண்ணே. அதான், நேத்து நீங்க நடத்தின விவாதத்தைப் போட்டுவிட்டேன்!"